உடையாத வலது பூட்ஸ்

சில குளிர்காலங்களுக்கு முன் நடந்தவை, வரிசையாக:

1. திங்கள்: புறநகரிலிருந்து வந்த ஒருவர் ஒரு போர்டும், அதற்கான பைண்டிங்கும், இரண்டு ஜோடி கெட்டி பூட்ஸும் கடையில் விற்றுவிட்டுப் போனார்.
2. அன்றே: போர்டுக்கு மூன்று மணி நேரம் செலவழித்தேன். பூட்ஸுக்கு மூன்று நிமிடம்.
3. செவ்வாய்: சின்ன அளவு ஜோடியைப் போர்டோடு சேர்த்து லாசாலிலிருந்து வந்த ஓர் அக்கா வாங்கிப் போனார்.
4. வியாழன்: பெரிய அளவு ஜோடியில் ஒன்று, யாரும் காலில் போடாமலே, பணிமேசையில் உடைந்தது.
5. வியாழன், பத்து நிமிடம் கழித்து: அக்காவுக்கு ஃபோன் செய்தேன். பொய் சொன்னேன்.
6. சனி: அக்கா அதே பூட்ஸோடு மலையில் நின்றார்.

இந்தக் குளிர்காலம் கடையில் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். போர்டின் உலோக விளிம்பான எட்ஜைத் தீட்டுவது எப்படி, அடியில் விழுந்த பள்ளத்தை நிரப்புவது எப்படி என்றெல்லாம் இதில் இல்லை. அவை சுவரில் ஒட்டியிருக்கின்றன. வாசிக்கத் தெரிந்தால் போதும். நீங்கள் வந்த முதல் வாரமே எட்ஜில் தலைமுடியை வைத்து அறுத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டதைக் கவனித்தேன். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் விற்பது எல்லாரும் வாங்கும் ஸ்னோபோர்டு இல்லை. அதை வாங்குகிறவர்கள் மெத்தை போன்ற பூட்ஸ் போட்டுக்கொண்டு, போர்டில் பக்கவாட்டில் நின்று, பனியை வாரி இறைத்துக்கொண்டு போவார்கள். நம்முடையது குறுகிய, விறைத்த போர்டு. கால்கள் முன்னோக்கி நிற்கும். காலில் ஸ்கீ பூட்ஸ் மாதிரி கெட்டி பிளாஸ்டிக் ஓடு. முன்னும் பின்னும் ஒரு கம்பி வளையம் அதைப் பிடித்துக்கொள்ளும்; அதுதான் பைண்டிங். வேகமாக, சாய்ந்து, பனியில் கோடு கிழித்தபடி இறங்குவதற்கானது. ஊரில் இதைச் செய்கிறவர்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்குத் தங்களைப் பற்றி இருக்கும் எண்ணம் மிகப் பெரியது. புதிதாகச் செய்து விற்கும் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டதால், எல்லாரும் அடுத்தவன் கராஜில் கிடப்பதைத் தேடி அலைகிறார்கள். ஊரின் வில்லரே பகுதியில் ஒரு நிலவறையில், கோடையில் சைக்கிளும் குளிர்காலத்தில் இதுவும் விற்று, ஒரு கடை பிழைப்பது அதனால்தான்.

விற்க வருகிறவர்கள் சொல்வது நான்கே வாக்கியம். ஒன்று, இரண்டு முறைதான் போட்டேன். இரண்டு, வீட்டுக்குள்தான் வைத்திருந்தேன். மூன்று, என் மனைவியுடையது. நான்கு, இதற்கு இன்னும் நல்ல விலை கிடைக்கும், எனக்குத்தான் நேரமில்லை. திங்கட்கிழமை வந்தவர் நான்கையும் சொன்னார், பிரெஞ்சில், வரிசை மாறாமல். இதில் எரிச்சலான விஷயம், அவர் சொன்னதெல்லாம் உண்மை. அந்தப் பூட்ஸை அவரும் மனைவியும் ஒரே நாளில் வாங்கி, இரண்டு முறை போட்டு, வெந்நீர்த் தொட்டி இருக்கும் சின்ன அறையில் பெட்டியோடு வைத்துவிட்டார்கள். ஒரு கீறல் இல்லை. கொக்கிகளில் துரு இல்லை. நான் பிளாஸ்டிக் ஓட்டைத் தட்டிப் பார்த்தேன், கொக்கிகளைத் திறந்து மூடினேன், "புதுசு மாதிரி" என்று அட்டையில் எழுதிக் கட்டினேன்.

போர்டோ வேறு கதை. பின்பக்கம் ஒட்டிய அடுக்குகள் லேசாகப் பிரிந்திருக்கின்றனவோ என்று சந்தேகம். விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன், நாணயத்தால் தட்டித் தட்டி ஒலி கேட்டேன், ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகு அரம் எடுத்துத் தீட்ட ஆரம்பித்தேன். முடித்தபோது அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருந்தது. நின்றேன்.

என்னைப் பற்றி ஒரு தகவல் இங்கே தேவை. கோயம்புத்தூரில் உலோகவியல் படித்துவிட்டு இங்கே மேற்படிப்புக்கு வந்தவள் நான். என் ஆய்வேடு எதைப் பற்றி என்று கேளுங்கள். பிளாஸ்டிக் எப்படி மூப்படைகிறது என்பதைப் பற்றி. இந்த பூட்ஸ் செய்யப் பயன்படும் அதே ரகப் பிளாஸ்டிக் காற்றில் உள்ள ஈரத்தை வருடக்கணக்கில் வாங்கி, உள்ளுக்குள் சங்கிலி சங்கிலியாக அறுந்து, வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே எப்படிச் செத்துப்போகிறது என்று வரைபடங்களோடு எழுதி, பாராட்டும் வாங்கியிருந்தேன். வெந்நீர்த் தொட்டி அறை, அதாவது சூடும் ஈரமும் சேர்ந்த இடம், என்று அந்த மனிதர் தன் வாயால் சொன்னபோது, நான் எட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்த அக்காவை முதலாளி அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். லாசாலில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் இங்கே வந்து, பள்ளிக்கூடம் கூட்டிப்போன மலையில் பனிச்சறுக்கு பழகியவர். மூன்று குளிர்காலமாக இரவல் சாமானில் பயிற்சி எடுத்து, அந்தச் சனிக்கிழமை பயிற்றுநர் தேர்வுக்குப் போகிறார். அந்த மலையில் குளிர்காலத்துக்கு ஒரு தடவைதான் தேர்வு. தேறினால் சனி ஞாயிறு அங்கேயே வேலை.

"கிழமையிலை அஞ்சு நாள் மூக்குத் துடைக்கிறன்," என்றார், பூட்ஸைப் போட்டுப் பார்த்தபடி. "ரெண்டு நாளாவது மூக்கு விறைக்க நிக்கவேணும்."

"விழுந்து கிழுந்து போகாதையும்," என்றார் முதலாளி அண்ணன். "பேந்து எங்கடை கடைக்குத்தான் கெட்ட பேர்."

பூட்ஸ் கச்சிதமாகப் பொருந்தியது. போர்டின் எட்ஜில் விரலை வைத்துப் பார்த்து, "ஐயோ, கத்தி," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை பெரிய ஜோடியை விற்பனைக்குத் தயார் செய்தேன். பின்னறை குளிர்ந்து கிடந்தது. இடது பூட்ஸைப் பணிமேசையில் கிடந்த வேறொரு பைண்டிங்கில் வைத்து, குதிகால் கம்பியை மாட்டி, முன் நெம்புகோலை அழுத்தி மூடினேன். பழைய ரஸ்க் உடைகிற சத்தம். குதிகால் விளிம்பு முழுவதும் தனியாகக் கழன்று மேசையில் உருண்டது. அப்போதுதான், முதல்முறையாக, உள்ளே இருக்கும் மெத்தைக் காலணியை உருவி எடுத்து ஓட்டுக்குள் விளக்கு அடித்தேன். அச்சில் வார்க்கும்போதே பதியும் சின்ன வட்டம் அடியில் இருந்தது. சுற்றிலும் மாத எண்கள், நடுவில் அம்புக்குறி, அதன் இரு பக்கமும் ஆண்டு. நான் ஏழாம் வகுப்பு படித்த ஆண்டு; பத்து வருடத்துக்கு மேல் பழசு.

உடைந்தால் என்ன ஆகும் என்று உங்களில் ஒருவர் நேற்றுக் கேட்டீர்கள். இரண்டு காலும் ஒரே போர்டில் பூட்டியிருக்கின்றன. வேகத்தில் ஒரு பூட்ஸ் உடைந்தால் ஒரு கால் விடுபடும். மற்றக் கால் விடுபடாது. போர்டு தன் இஷ்டத்துக்குத் திரும்பும், அந்தக் காலின் முழங்கால் அதோடு சேர்ந்து திரும்பும். அவ்வளவுதான். இதற்கு ஆய்வேடு தேவையில்லை.

உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். முதலாளி அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மற்ற சோடியெல்லே?"

"ரெண்டும் ஒரே நாள்ல வாங்குனது அண்ணா. அதுவும் உடையும்."

"அவ ஒரு முறைப்பாடும் சொல்லேல்லையே."

"சொல்ற மாதிரி இருந்தா ஆஸ்பத்திரியில இருந்துதான் சொல்லுவாங்க."

அவர் துண்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "ஃபோனிலை உதெல்லாம் கதைக்க வேண்டாம் பிள்ளை. வழக்கமாச் சொல்லுறதைச் சொல்லும். வருவா. வந்தாப் பிறகு மாத்திக் குடுப்பம்," என்றார்.

வழக்கமாகச் சொல்வது என்ன என்பது உங்களுக்குத் தெரியாது, இப்போது அது வழக்கத்தில் இல்லை. அப்போது நம் கடையின் விதி அது: தன் சாமானைப் பற்றிக் கடை தன் வாயால் குறை சொல்லாது. தவறான அளவு கொடுத்துவிட்டோமா, திருகாணி போடாமல் விட்டுவிட்டோமா, எதுவானாலும் வாடிக்கையாளருக்கு ஃபோன் செய்து ஒரே வாக்கியம்: "ஃப்ரீயா வாக்ஸ் போட்டுத் தாறம், கொண்டு வாங்கோ." சாமான் கடைக்கு வரும். போர்டின் அடியில் வழுக்கு மெழுகான வாக்ஸ் போடும் சாக்கில் தவறைச் சரிசெய்துவிடுவோம். யாருக்கும் தெரியாது. புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று நானும் நினைத்திருந்தேன். எல்லாப் புத்திசாலிகளும் அப்படித்தான் நினைத்தார்கள், ஏனென்றால் அதுவரை அது சும்மா திருகாணிதான்.

ஃபோன் செய்தேன். பின்னணியில் பிள்ளைகள் அழும் சத்தம்.

"ஓம் தங்கச்சி, சொல்லுங்கோ."

"அக்கா, கடையில இருந்து பேசறேன். உங்க போர்டையும் பூட்ஸையும் கொண்டு வந்தீங்கன்னா ஃப்ரீயா வாக்ஸ் போட்டுத் தர்றோம். இன்னைக்கோ நாளைக்கோ வர முடியுமா?"

"பூட்ஸுக்கும் வாக்ஸோ?" சிரித்தார். "மெர்சி, மெர்சி. சனிக்கிழமை டெஸ்ட் முடியட்டும். பேந்து கொண்டு வாறன்."

இந்த இடத்தில் எனக்கு ஒரு வாக்கியம் சொல்ல நேரம் இருந்தது. பிள்ளை ஒன்று அவரைக் கூப்பிட்டது, அவர் அதற்குப் பதில் சொல்லி, திரும்ப ஃபோனுக்கு வந்து, "வேறை என்ன?" என்றும் கேட்டார். நான், "ஒண்ணுமில்லைக்கா, ஆல் த பெஸ்ட்," என்றேன்.

ஆபத்தை அன்பளிப்பாகச் சுற்றிக் கொடுத்தால், வாங்குகிறவர் அதை அன்பளிப்பாகத்தான் நடத்துவார். நேரம் கிடைக்கும்போது பிரிப்பார். இது அவருடைய குற்றம் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் முழுவதும் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. மாலையில் பதிவு இயந்திரத்தில் உண்மையைச் சொன்னேன், முறையாக, மரியாதையாக: வணக்கம் அக்கா, கடையிலிருந்து பேசுகிறேன் என்று ஆரம்பித்து, நலம் விசாரித்து, நாலாவது வாக்கியத்தில் பூட்ஸுக்கு வந்து சேர்ந்தேன். வைத்துவிட்டு மெட்ரோ பிடித்து வீட்டுக்குப் போனேன். லாசாலுக்குப் போகும் பேருந்து எது என்று எனக்குத் தெரியும். போகவில்லை. செய்தி விட்டாகிவிட்டது என்ற திருப்தி இருக்கிறதே, அதைப் போல மனிதனைச் சோம்பேறியாக்குவது வேறில்லை. பந்து அவர் பக்கம் போய்விட்டதாக நினைத்துக்கொண்டேன். பந்து அல்ல, பூட்ஸ்; அது எப்போதுமே அவர் பக்கம்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்ததும் பார்த்தேன். அவர் திருப்பி அழைக்கவில்லை. முதலாளி அண்ணன் ஜான்-டலோன் சந்தைக்குப் போய்விட்டு, யாரோ உறவினர் வீட்டு விசேஷத்துக்காக கடை வேனில் இரண்டு பெட்டி காலிஃபிளவர், அவர் பேச்சில் பூக்கோவா, ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணா, அக்கா செய்தியக் கேக்கல. நான் மலைக்குப் போறேன்."

"எப்பிடிப் போவீர்? பஸ் போய்ச் சேர டெஸ்ட் முடிஞ்சிடும்."

"தெரியலை. போறேன்."

அவர் என்னைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். "பூக்கோவாவை இறக்கும்," என்றார்.

வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேலான பாதை. என்னென்ன சொல்லவேண்டும் என்று மனதுக்குள் பட்டியல் போட்டேன். ஏழு அம்சங்கள் வந்தன. ஏழாவது, மன்னிப்பு. பட்டியல் போடும் பழக்கத்தை நான் பெரிதாக நினைத்த கடைசி நாள் அது.

அண்ணன் வாகனம் நிறுத்த இடம் தேடிப் போக, நான் சாதாரணக் காலணியோடு பனியில் வழுக்கிக்கொண்டே ஓடினேன். தேர்வுக்கு வந்தவர்கள் லிஃப்ட் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். அக்காவுக்கு முன்னால் இரண்டே பேர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, ஃப்ரீ வாக்ஸ் போட இவ்வளவு தூரம் வந்தனீங்களோ?"

"அக்கா, பூட்ஸைக் கழட்டுங்க. அது உடையும்."

"என்ன?"

"அந்த பிளாஸ்டிக் செத்துப்போச்சு. இதோட ஜோடி வியாழக்கிழமை என் முன்னால உடைஞ்சுது."

"வியாழக்கிழமையோ?" அவர் குரல் உயரவில்லை. "வியாழக்கிழமை நீர் என்னோடை கதைச்சனீர்."

"ஆமாங்க்கா."

"என்ன சொன்னனீர்?"

"ஃப்ரீ வாக்ஸ்னு சொன்னேன். நேத்து மெஷின்ல..."

"கடை எண்டு கேட்டவுடனை அழிச்சிட்டன். நீங்கள் வேறை என்னத்தைச் சொல்லுறனீங்கள்?" முன்னால் நின்றவர்களில் ஒருவர் லிஃப்டில் ஏறினார். "காலமை ரெண்டு தரம் இறங்கிட்டன். ஒண்டும் உடையேல்லை. இப்ப என்ரை முறை வரேக்கை வந்து கழட்டெண்டு சொல்லுறீர்."

கையில் தாள்களை வைத்திருந்த தேர்வாளர் என்ன விஷயம் என்று கேட்டார். பழைய சாமான் கடைக்காரர்கள், என்றார் அக்கா பிரெஞ்சில். முடிவு உங்களுடையது, வரிசை நிற்காது என்று அவர் சொல்லிவிட்டார். அக்கா பனியில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"உடையும் எண்டீரே. உடைச்சுக் காட்டும்."

வலது பூட்ஸ். அதை அவருடைய போர்டிலேயே பூட்டினேன். நெம்புகோலை மூடினேன். உடையவில்லை. மேல்பகுதியைப் பிடித்து என் முழு எடையும் போட்டுச் சாய்த்தேன். உடையவில்லை. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தன் கைபேசியில் படம் எடுத்தான். மூன்றாம் முறை குதிகாலில் உதைத்தேன். என் கால்தான் வலித்தது.

"தாரும்," என்று அக்கா கையை நீட்டினார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை.

நான் பூட்ஸைக் கொடுக்கவில்லை. ஏழு அம்சங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அப்போதுதான் முதலாளி அண்ணன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"தங்கச்சி," என்றார். "விக்கக் கூடாத சாமானை உங்களுக்கு வித்திட்டன். போடாதையுங்கோ." பிறகு தேர்வாளரிடம் திரும்பி, அதையே பிரெஞ்சில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, பத்து வருசமா உங்களிட்டைச் சைக்கிள் சாமான் வாங்குறன். உங்கடை வாயாலை ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை."

"ஓம்."

"அப்ப முந்தநாளே சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் கையை உயர்த்தி, இல்லை என்று ஆட்டினார். பிறகு இடது பூட்ஸையும் கழற்றி, எங்கள் காலடியில் வைத்துவிட்டு, காலுறையோடு பனியில் நடந்து போனார். தோழியின் காரில் வந்திருந்தார், எங்களோடு திரும்பவில்லை.

அன்று இரவு முழுவதும் இரண்டு பூட்ஸையும் கடையின் பின்முற்றத்துக் குளிரில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பைண்டிங்கில் மாட்டிப் பார்த்தேன். இடது, முதல் இழுப்பிலேயே குதிகாலோடு பிய்ந்தது. வலது, ஒன்பது முறை இழுத்தும் உடையவில்லை. இரண்டிலும் ஒரே மாதம், ஒரே ஆண்டு. ஏன் என்று கேட்காதீர்கள். ஒன்று ஏன் தாங்கியது என்பதற்கு என் ஆய்வேட்டில் பதில் இருக்கலாம், நான் தேடவில்லை.

இடது உடைந்ததைச் சொல்ல அக்காவை அழைத்தேன். அந்த முறை முதல் வாக்கியத்திலேயே சொன்னேன்.

"நல்லது," என்றார். "அதை ஏன் எனக்குச் சொல்லுறீர்? உமக்கு நித்திரை வரவோ?"

அதுதான் காரணம்.

சிலர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, எப்படியோ ஒருவரின் முழங்காலைக் காப்பாற்றினீர்கள் என்கிறார்கள். இப்படி ஆறுதல் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வியாழக்கிழமை நேராகச் சொல்லியிருந்தால், வெள்ளிக்கிழமை முழுவதும் இருந்தது. ஊரில் அவருடைய அளவுக்கு வேறு பூட்ஸ் இரண்டு இடத்தில் இருந்தது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முழங்காலும் இருந்திருக்கும், தேர்வும் இருந்திருக்கும். நான் காப்பாற்றியது என் தாமதத்திலிருந்து மிஞ்சியதை.

இன்றைய நிலவரம் இது. ஃப்ரீ வாக்ஸ் அழைப்பு கடையில் இல்லை. ஃபோனுக்கு மேலே ஒட்டியிருக்கும் தாள் என் கையெழுத்து; அதில் இருப்பது ஒரே வரி, என்ன உடையும் என்பதை முதலில் சொல். பூட்ஸ் எது வந்தாலும் உள்காலணியை உருவி வட்டத்தைப் பார்த்த பிறகுதான் போர்டைத் தொடவேண்டும். வட்டத்தில் பத்து வருடம் தாண்டியிருந்தால் அது குப்பை, எவ்வளவு பளபளத்தாலும். பணிமேசையின் பிடிகருவியான வைஸுக்கு மேல் தட்டில் இருக்கும் ஒற்றை வலது பூட்ஸ் விற்பனைக்கு இல்லை. அதை உடைத்துப் பார்க்கவும் வேண்டாம். அக்கா அடுத்த குளிர்காலம் தேறிவிட்டார். சனி ஞாயிறு அதே மலையில் கற்றுக்கொடுக்கிறார். பூட்ஸ் வேறு கடையில் வாங்கியது. நம் கடைக்கு அவர் வருவதில்லை.